வயலை வெட்டினவன் கட்டித் தந்த பாலம்

நம்ம மாட்டு வண்டியில ஒன்றரை டன் ஏத்தினாலே காளைக்கு நுரை தள்ளிடும். இங்கிலாந்துல அந்தக் காலத்துல ஒத்தைக் குதிரை 30 டன் இழுத்திருக்கு. ரோட்டுல இல்லைங்க, தண்ணியில. கரையில குதிரை நடக்கும், பின்னாடி நீளமான வடம், அதோட முனையில படகு. 1761-ல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியா வொர்ஸ்லி நிலக்கரி மான்செஸ்டருக்கு வர ஆரம்பிச்சதும், அங்கே விலை பாதியா இறங்கிச்சு. அப்புறம் என்ன, நாடு பூரா கால்வாய் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

வெட்டினது யார் நிலத்துல? விவசாயி நிலத்துலதான். வீடு இந்தக் கரை, மேய்ச்சல் அந்தக் கரைன்னு ஆகிப்போச்சு. ஆனா ஒண்ணு, ஒவ்வொரு கால்வாய்க்கும் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட்டது. நிலத்தை ரெண்டாப் பிளந்தா கம்பெனியே தன் செலவுல பாலம் கட்டித் தரணும். அதனாலதான் ஊரே இல்லாத இடத்துலகூட, ஒரு வண்டி போற அகலத்துக்கு, செங்கல்லுலயும் கல்லுலயும் வளைவுப் பாலம் நிக்குது. எங்க ஊர் புறவழிச்சாலை என் காட்டை ரெண்டாக்கி நாலு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் மோட்டார் போட மூணு கிலோமீட்டர் சுத்திட்டுப் போறேன். அந்தச் சட்டத்தைப் படிச்சப்போ வயிறு எரிஞ்சது நிஜம்.

கம்பெனிக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. பாலம் சின்னதானா காசு மிச்சம்னு, அந்த இடத்துல மட்டும் கால்வாயை ஒரு படகு நுழையற அளவுக்குக் குறுக்கிட்டாங்க. ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில இன்னும் சிக்கனம். பாலத்துக்கடியில குதிரைக்குப் பாதையே விடலை. பாலத்தை ரெண்டு இரும்புப் பாதியாச் செஞ்சு, நடுவுல கயிறு நுழைய ஒரு சந்து விட்டாங்க. குதிரை வெளியே சுத்திப் போகும், கயிறு சந்து வழியாப் போகும்.

எனக்குப் பிடிச்சது 1831-ல் திறந்த மேக்ளஸ்ஃபீல்டு கால்வாய்ப் பாலங்கள். குதிரைப்பாதை கரை மாறுற இடத்துல, பாலத்துல ஏறி இறங்குற குதிரை அப்படியே வளைஞ்சு அதே பாலத்துக்கு அடியில போற மாதிரி பாதையைப் பாம்பாட்டம் சுருட்டியிருக்காங்க. கயித்தை அவுக்கவே வேணாம்!

கயிறுன்னதும் இன்னொண்ணு. ஈரக் கயித்துல மணல் ஒட்டி, உரசி உரசி பாலத்து மூலையில விரல் நுழையற அளவுக்குப் பள்ளம். நம்ம பழைய கிணத்துக் கல்லுல பார்த்திருப்பீங்களே, அதே தடம்தான். கல்லைக் காப்பாத்த இரும்புப் பட்டை அடிச்சாங்க. அதையும் கயிறு அறுத்திருக்கு.

ரயில் வந்து, அப்புறம் இன்ஜின் படகு வந்து, குதிரைக்கு வேலை போச்சு. வயல் பாலங்கள் பலதுல இன்னைக்கும் மாடு போகுது.