வாக்குப்பெட்டியும் யாழ்ப்பாண மாநகரமும்

நீர்வேலி யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் அடங்கிய ஊரன்று. பருத்தித்துறை வீதியில் கோப்பாய்க்கு அப்பால் அமைந்த அவ்வூரார் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கே வாக்களிப்பர். எனினும், அவர்தம் தோட்டத்து வாழைக்குலைகளில் ஒரு பங்கு நகரச் சந்தையை நாடிச் செல்கின்றது. அவர்தம் பிள்ளைகள் நூல் தேடி நகர நூலகத்துக்கே செல்கின்றனர். சந்தையும் வடிகாலும் தெருவிளக்கும் நூலகமும் மாநகர சபையின் பொறுப்பாகும். ஆதலால் நகரத்தார் இடும் வாக்கின் பயனை அயலூராரும் நுகர்கின்றனர்.

யாழ்ப்பாண நகரம் 1949 ஆம் ஆண்டில் மாநகர சபை என்னும் தகுதியைப் பெற்றது. சாம் சபாபதி அதன் முதலாவது மேயரானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1959 இல், பொது நூலகத்தின் புதிய கட்டிடம் திறந்து வைக்கப்பட்டது. மக்கள் தெரிவு செய்த சபையொன்று மக்களுக்கு யாது செய்யலாம் என்பதற்கு அந்த வெண்ணிறக் கட்டிடமே சான்றாய் நின்றது.

வாக்களிக்க மறுப்பதும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. சர்வசன வாக்குரிமையுடன் 1931 இல் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலை, பூரண சுயராச்சியம் வேண்டி நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பினை ஏற்று, குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் புறக்கணித்தன. அது கொள்கை பற்றிய மறுப்பு. அரை நூற்றாண்டின் பின் நிகழ்ந்தவையோ வேறு தன்மையின. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், 1981 மே 31 ஆம் திகதி இரவு, பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 மே 18 இல் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் வேட்பாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகள் புறக்கணிப்பைக் கோரினர். வாக்குச் சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் மாநகரில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை.

1995 இன் இறுதியில் நகரம் அரச படைகளின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் மீண்டு வந்திருந்த நிலையில், 1998 ஜனவரி 29 இல் தேர்தல் நடத்தப்பட்டது. மாநகர சபையின் 23 இடங்களில் 9 இடங்களைத் தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்றது. எஞ்சியவற்றை முன்னாள் போராளி இயக்கங்களிலிருந்து உருவான கட்சிகள் பகிர்ந்துகொண்டன. அறுதிப் பெரும்பான்மை எவர்க்கும் கிட்டவில்லை. கூட்டணியின் சரோஜினி யோகேஸ்வரன் மாநகர முதல்வரானார். அவருடைய கணவர் வெ. யோகேஸ்வரன், யாழ்ப்பாணத் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். 1989 ஜூலை 13 இல் கொழும்பில் அமிர்தலிங்கத்துடன் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

அத்தேர்தலின் மெய்யான முடிவு ஆசனக் கணக்கில் அடங்கியதன்று. 1998 மே 17 இல் சரோஜினி தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் முதல்வர் பொறுப்பை ஏற்ற பொன்னுத்துரை சிவபாலன், அதே ஆண்டு செப்டம்பர் 11 இல், மாநகர சபைக் கட்டிடத்தில் கூட்டமொன்று நடந்துகொண்டிருக்கையில் குண்டு வெடித்து மாண்டார். எட்டு மாதங்களுக்குள் இரண்டு முதல்வர்கள்! அப்பதவி தரும் அதிகாரமோ குப்பை அகற்றுவதும் வீதி செப்பனிடுவதுமே. அதன் பொருட்டு உயிரைப் பணயம் வைக்கவும் சிலர் முன்வந்தனர் என்பதே அத்தேர்தல் விட்டுச் சென்ற செய்தி. சபை கலைந்துவிடவில்லை. பின்னர் முதல்வரான நடராஜா ரவிராஜும், பாராளுமன்ற உறுப்பினராயிருக்கையில், 2006 நவம்பர் 10 இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஆகஸ்ட் 8 இல், மீண்டும் தேர்தல் நடந்தது. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 13 இடங்களையும், இலங்கைத் தமிழரசுக் கட்சி 8 இடங்களையும் பெற்றன. பதியப்பட்ட வாக்காளருள் வாக்களித்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. இடாப்பில் பெயர் இருந்தும் ஊரில் இல்லாதோர் பலர். ஊரில் இருந்தும் நம்பிக்கையற்றோர் சிலர்.

2018 பெப்ரவரி 10 இல் வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த புதிய ஏற்பாட்டின்படி 45 உறுப்பினர் தெரிவாயினர். தமிழரசுக் கட்சி 16, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10 என இடங்கள் பிரிந்தன. வரவு செலவுத் திட்டம் தோற்றமையால் முதல்வர் பதவி இழந்ததும், 2020 டிசம்பர் 30 இல் ஒரே வாக்கு வித்தியாசத்தில் வேறொருவர் தெரிவானதும் அச்சபையில் நிகழ்ந்தன. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலிலும் தனிப் பெரும்பான்மை எக்கட்சிக்கும் வாய்க்கவில்லை.

இதனைக் குழப்பம் என்று சலித்துக்கொள்வோர் உளர். ஆயினும் முதல்வரை மாற்றத் துப்பாக்கி வேண்டியிருந்த நகரத்தில், உயர்த்திய கைகளை எண்ணி முதல்வரை மாற்ற முடிந்ததெனின், அது சிறிய முன்னேற்றமன்று. வரவு செலவுத் திட்டத்தின்மேல் எழும் பூசல், வாக்காளன் பொறுத்துக்கொள்ளக்கூடிய பூசலே. வடிகால் தூர்ந்து கிடப்பின் அடுத்த தேர்தலில் அவன் கணக்குத் தீர்க்கலாம். 1998 இல் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு அத்தகைய எளிய தோல்வியும் கிட்டாமற் போயிற்று.