முத்துப்பாரில் மாறிய நாடு: கைவிடப்பட்ட நீமோவும் மன்னார் வளைகுடாவும்

ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலில் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் 1868 ஜனவரி இறுதியில் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துப்பாரில் தனியாக முத்துக்குளிக்கும் ஏழை இந்தியன் ஒருவனைச் சுறா தாக்குகிறது. கப்பலின் தலைவன் நீமோ கத்தியோடு பாய்ந்து அதை எதிர்க்கிறான். நெட் லாண்டின் ஈட்டி சுறாவைக் கொல்கிறது. பிழைத்தவன் கையில் நீமோ ஒரு பை முத்தைத் திணிக்கிறான். கப்பலுக்குத் திரும்பியதும், அந்த மனிதன் ஒடுக்கப்பட்டோரின் நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டவனே என்கிறான். பெரும்பாலோர் இதை இடைச்சாகசமாக வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். வெர்ன் எழுத விரும்பி, எழுத முடியாமற்போன ஒரு கதையின் வெற்றிடம் இந்தப் பாரில்தான் நிரம்பத் தொடங்கியது என்பது என் வாதம்.

அந்தக் கதையின் நாயகன் போலந்துக்காரன். 1863இல் ரஷ்யப் பேரரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்த பிரபு. அவன் மூழ்கடிப்பவை ரஷ்யக் கப்பல்கள். பதிப்பாளர் எட்ஸெல் மறுத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டும், அரசியல் வம்பும் கூடாது. அடிமை வணிகர்களை வேட்டையாடுபவனாக மாற்றலாமே என்று அவர் யோசனை சொன்னார். வெர்ன் இசையவில்லை, நாயகனின் நாட்டையும் பகைவனின் பெயரையும் சொல்லாமலே 1869–70இல் நாவலைத் தொடராக வெளியிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் கொண்ட 'அசாதாரணப் பயணங்கள்' வரிசையில் எட்ஸெலின் கத்தரி பட்டது இந்த ஒன்றில் மட்டுமல்ல. 1863இல் அவர் நிராகரித்த 'இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்' 1994இல்தான் அச்சேறியது. பாதியில் நின்றுபோன 'ராபின்சன் மாமா', 'மர்மத் தீவு' நாவலுக்கு எருவாயிற்று. வரிசை என்பது வணிக ஏற்பாடு. அதில் எது வரலாம் என்பதைச் சந்தா கட்டும் குடும்பங்களை மனத்தில் வைத்தே பதிப்பாளர் முடிவுசெய்தார்.

என் வாதத்துக்கு எதிரான சான்று வலுவானது. மன்னார் அத்தியாயத்துக்குப் பின், நீமோவின் அறைச் சுவரில் சில படங்களைக் கதைசொல்லி அரோனாக்ஸ் பார்க்கிறார்: கொஷ்சியுஸ்கோ, போட்சாரிஸ், ஓ'கானல், வாஷிங்டன், மானின், லிங்கன், ஜான் பிரவுன். முதற்பெயரே போலந்து வீரனுடையது. இந்தியர் ஒருவர்கூட இல்லை. முதற்பாகத்தில் நீமோவின் முகத்தை ஆராயும் அரோனாக்ஸுக்கும் ஸ்பானியரா, துருக்கியரா, அரபியரா, இந்தியரா என்று தெரியவில்லை. ஆக, 1869இல் வெர்னின் மனத்தில் இந்திய இளவரசன் முழுமையாக உருவாகியிருந்தான் என்று சொல்ல இடமில்லை. ஆனால் சுவரில் இருப்பது வாசித்து அறிந்த வரலாறு. இந்தியாவோ நாவலுக்குள் நீர், இரத்தம், மூச்சுத்திணறல் வழியாக வருகிறது. நீக்கப்பட்ட போலந்தின் கோபத்தைச் சுமக்க ஓர் உடல் தேவைப்பட்டது. அது குளியாளின் உடலாக அமைந்தது.

அந்த உடலை வெர்ன் எங்கிருந்து எடுத்தார்? நாவலே சொல்லிவிடுகிறது: நாட்டிலஸ் நூலகத்தில் அரோனாக்ஸ் புரட்டுவது எச். சி. சர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல். அது 1850இல் வந்தது. கதை நடக்கும் ஆண்டிலோ பார்கள் வெறுமையாகக் கிடந்தன. இலங்கைக் கரையில் 1863க்குப் பிறகு 1874 வரை சலாபம், அதாவது அரசு நடத்திய முத்துக்குளிப்பு, இல்லை. தூத்துக்குடிக் கரையில் 1862க்குப் பின் 1889இல்தான் மீண்டும் நடந்தது. அதை நேரில் கண்டு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதினார். சிப்பி விளையாத ஆண்டில் ஓர் ஏழை சிப்பி அள்ளுகிறான்! சலாபத்துக்கு முன்பே அவசரப்பட்டு வந்தவன் அவன் என்பது நாவல் தரும் விளக்கம்.

தூத்துக்குடி வாசகருக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் உறுத்தும். வெர்னின் குளியாள் இறங்குவது ஏறத்தாழ ஐந்து மீட்டர் ஆழம்; நம் பார்களோ பெரும்பாலும் பத்துப் பாகத்தை ஒட்டிய ஆழத்தில், அதாவது பதினெட்டு மீட்டர் அளவில் கிடப்பவை. அதைவிடப் பெரியது அவன் தனிமை. முத்துக்குளித்தலில் தனியாள் கிடையாது. படகை நடத்தும் தண்டல், கல்லையும் கயிற்றையும் மேலிருந்து பிடிப்பவர், மாறிமாறி இறங்கும் இணைக் குளியாள், கரையில் சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டி எனப் பலரின் கூட்டுத்தொழில் அது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இறங்கிய அந்தத் தொழிலில் குளியாளின் உயிர் மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. தன் கயிற்றைத் தானே படகில் கட்டிவிட்டு இறங்குகிற வெர்னின் மனிதனுக்குச் சாதி இல்லை, ஊர் இல்லை, சாதித்தலைவர் இல்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகே அவன் 'ஒடுக்கப்பட்டோர்' என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்குகிறான். போலந்தையும் அதே சொல்லுக்குள் அடக்கலாம் என்பதுதான் வெர்னுக்கு வசதி.

நீமோவின் தர்மமும் விசித்திரமானது. சலாபத்தில் குளியாளின் கூலி முத்தன்று, திறக்காத சிப்பியில் ஒரு பங்கு. 1889 காலத்தில் பொதுவாக மூன்றில் ஒன்று. மிச்சம் அரசுக்கு, ஆயிரம் ஆயிரமாக ஏலம். சிப்பிக்குள் முத்து இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நீமோ அந்த நிச்சயமின்மையை உடைத்து முத்தையே கொடுக்கிறான். ஆனால் அதே அத்தியாயத்தில் மாபெரும் கிளிஞ்சல் ஒன்றுக்குள் தேங்காயளவு முத்தைத் தனக்கென்று வளர விட்டிருப்பவனும் அவனே. சிப்பி முற்றும்வரை பாரை மூடி வைத்துக் காத்திருக்கும் கலெக்டரின் பொறுமை அது.

'மர்மத் தீவு' 1874–75இல் தொடராக வந்தபோது வெற்றிடம் மூடப்பட்டது. நீமோ இப்போது பந்தேல்கண்ட் ராஜாவின் மகன் தக்கார், திப்பு சுல்தானின் உறவினன், 1857இல் போரிட்டவன். எதிரி ஆங்கிலேயர், பிரெஞ்சு வாசகரிடம் விற்க அவர்களைவிடத் தோதான எதிரி ஏது? இரு நாவல்களின் ஆண்டுகளும் பொருந்தவில்லை. பதிப்பாளரே அடிக்குறிப்பில் அதை ஒப்புக்கொண்டார். ஒட்டுப்போட்ட தடம் அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தும் வாசகர்கள் தக்காரை ஏற்றார்கள். அதற்குக் காரணம் 1857 அல்ல, ஏற்கெனவே வாசித்திருந்த மன்னார்க் காட்சி என்றே கருதுகிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் தக்கார் கடைசி நேரத்தில் மாட்டிய முகமூடி. அதை வைத்துக்கொண்டால், தாமதமாக வந்த அவன் சொந்தப் பெயர்.

நீமோவை இந்தியனாகவே காட்டும் 'நாட்டிலஸ்' தொலைக்காட்சித் தொடரை 2023இல் படப்பிடிப்பு முடிந்த பிறகு டிஸ்னி கைவிட்டது; வேறு நிறுவனங்கள் வாங்கி வெளியிட்டன. எட்ஸெலுக்கு ரஷ்யச் சந்தை, டிஸ்னிக்குச் செலவுக் குறைப்பு. இரண்டிலும் கதையின் தலைவிதியைக் கணக்குப்புத்தகம் தீர்மானித்தது. இனி நீமோவைத் தமிழில் ஆராய்பவர்கள் பந்தேல்கண்டில் தொடங்க வேண்டியதில்லை. சர்ரின் நூலையும் தர்ஸ்டனின் குறிப்புகளையும் அருகருகே வைத்து, அந்தக் குளியாளின் படகில் வெர்ன் ஏற்ற மறந்த ஆட்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுப்பது மேல்.