கோப்பையைப் பகிர்ந்த காலம்: ஆசிய இளையோர் கால்பந்துப் போட்டியில் விதிமாற்றமும் அதன் விளைவும்

ஆசிய இளையோர் கால்பந்துப் போட்டி 1959இல் கோலாலம்பூரில் தொடங்கி 1978 வரை ஆண்டு தவறாமல் 20 முறை நடந்தது. அவற்றுள் 9 முறை கோப்பை ஒரே அணியின் கைக்குப் போகவில்லை. 1961இல் பர்மாவும் இந்தோனேசியாவும், 1963இல் பர்மாவும் தென்கொரியாவும், 1964இலும் 1966இலும் பர்மாவும் இஸ்ரேலும், 1969இல் பர்மாவும் தாய்லாந்தும், 1974இல் இந்தியாவும் ஈரானும், 1975இல் ஈரானும் ஈராக்கும், 1976இல் ஈரானும் வடகொரியாவும், 1978இல் ஈராக்கும் தென்கொரியாவும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் இன்றுவரை ஒருமுறைகூட இது நிகழவில்லை.

சாம்பியன்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள் சேர்ந்து வரும் இந்த வரிகளை ஒரு பழைய நிர்வாக வழக்கம் என்று கருதிக் கடந்துவிடுவது எளிது. அவற்றை அப்படிக் கடக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இளையோர் போட்டி எதற்காக என்ற கேள்விக்கு ஆசியா ஒருகாலத்தில் சொன்ன விடை அந்த வரிகளில் இருக்கிறது. பின்னர் அந்த விடை மாற்றப்பட்டது. மாற்றத்தால் கிடைத்தவை உண்டு, இழந்தவையும் உண்டு. இழந்தவற்றில் ஒன்றை இன்றைய அமைப்புக்குள்ளேயே மீட்டுக்கொள்ள முடியும்.

போட்டியின் தோற்றத்திலிருந்து தொடங்கலாம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1954இல் மணிலாவில் உருவானது. 1958இல் அதன் தலைமைக்கு வந்தவர் மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா கோப்பைப் போட்டியைத் தொடங்கி ஆசிய அணிகளைக் கோலாலம்பூருக்கு அழைத்திருந்தார் அவர். இளையோர் போட்டி அதே மனப்பாங்கின் நீட்சி. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடி ஆட வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். அந்தப் போட்டியில் வென்று வேறெங்கும் போக வேண்டியதில்லை. இளையோருக்கென்று உலகப் போட்டியே அப்போது கிடையாது. ஆகவே இறுதி ஆட்டத்தோடு எல்லாம் நிறைவுற்றது. அது சமநிலையில் முடிந்தால் இரு அணிகளும் வென்றதாகக் கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பெனால்டி ஷூட் அவுட் முறை கால்பந்து விதிகளில் ஏற்கப்பட்டதே 1970இல்தான். அதற்கு முன் சமநிலையை முறிக்க மறு ஆட்டம் ஆட வேண்டும், அல்லது நாணயம் சுண்ட வேண்டும். 1968 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலி சோவியத் அணியை முந்தியது நாணயத்தின் தயவால்தான். எனவே அறுபதுகளின் பகிர்வை ஒரு கொள்கையாகப் பார்க்க முடியாது, வேறு வழியின்மையாகவே பார்க்க வேண்டும் என்று வாதிடலாம். தடையில் நியாயம் உண்டு. ஆனால் 9 பகிர்வுகளில் 4 நிகழ்ந்தது 1970க்குப் பிறகு: 1974, 1975, 1976, 1978. கருவி கையில் இருந்தும் அதை எடுக்கவில்லை. 1976இல் பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் பெனால்டியால் தீர்க்கப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா மேற்கு ஜெர்மனியை வென்றது. அதே ஆண்டு பாங்காக்கில் ஈரானும் வடகொரியாவும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. மூத்தோர் ஆட்டத்திலும் இந்த வழக்கம் இருந்தது. 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் பர்மாவுக்கும் தென்கொரியாவுக்கும், 1978இல் வடகொரியாவுக்கும் தென்கொரியாவுக்கும் சேர்ந்தே போனது. எழுபதுகளின் ஆசியா இதைத் தெரிந்தே தேர்ந்தது என்று கொள்வதற்கு இவை போதும்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பகிர்ந்த கைகளே விலக்கவும் செய்தன. இப்போட்டியில் 6 பட்டங்கள் பெற்றிருந்த இஸ்ரேல் 1974இல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. மைதானத்துக்கு வெளியே நடந்த அரசியலை இளையோர் போட்டியின் நல்லெண்ணம் தடுக்கவில்லை; தடுக்கும் வலிமையும் அதற்கில்லை. நான் இங்கு எடுத்துக்கொள்வது, களத்தில் சமமாக நின்ற இரு அணிகளை எப்படி மதிப்பது என்ற குறுகிய கேள்வியை மட்டுமே.

அதே 1974இல் பாங்காக்கில் நடந்த இறுதி ஆட்டம் இந்தியருக்கு நெருக்கமானது. ஷபீர் அலியின் தலைமையில், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர் அருண் கோஷின் பயிற்சியில் இறங்கிய இந்திய அணி, ஈரானுடன் 2-2 எனச் சமன் செய்தது. இப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுவே. ஈரானோ 1973 முதல் 1976 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள், தனித்தோ பகிர்ந்தோ, பட்டத்தை வைத்திருந்த அணி. அதன் மூத்தோர் அணி 1976இல் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து ஆசியக் கோப்பையை வென்று 1978 உலகக் கோப்பைக்கும் சென்றது. இந்தியாவில் தேசிய அளவிலான லீக் தொடங்கவே 1996 ஆயிற்று. ஒரே கோப்பையைப் பாதிப் பாதியாகக் கொண்டுபோன இரு நாடுகள் இவ்வளவு விலகிப் போனதற்கு அந்தக் கோப்பை காரணமில்லை. பதினெட்டு வயதில் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதில் ஆட இடம் இருந்ததா என்பதே காரணம். ஷபீர் அலியின் தலைமுறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மாற்றம் வந்தது 1977இல். 1974இல் ஃபிஃபாவின் தலைவரான ஜோவாவ் அவெலாஞ்சின் காலத்தில் முதல் உலக இளையோர் போட்டி துனிசியாவில் நடந்தது. அதன் இறுதி ஆட்டத்தில் சோவியத் ஒன்றியமும் மெக்சிகோவும் 2-2 எனச் சமநிலையில் நிற்க, பெனால்டியில் 9-8 என்று சோவியத் வென்றது. புதிய போட்டி தன் முதல் இறுதியிலேயே பகிர்வை மறுத்துவிட்டது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த உலகப் போட்டிக்கு ஆட்களை ஏற்றிவிடும் ஏணியாக ஆசியப் போட்டி மெல்ல மாறியது. 1978இல் டாக்காவில் நடந்த போட்டிக்குப் பின் ஆண்டுதோறும் நடந்த வழக்கம் நின்று, அதுவும் ஈராண்டுக்கு ஒருமுறை என்றானது.

இந்த மாற்றத்தின் முதல் விளைவை ஆட்ட அட்டவணையில் பார்க்கலாம். 1997இல் உலகப் போட்டி 24 அணிகளாக விரிந்தபின், ஆசியாவிலிருந்து அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகள் உலகப் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன. ஆகவே உயிர்நாடியான ஆட்டம் கால் இறுதி. அதில் தோற்றவர்களுக்கு அடுத்த வாய்ப்பு வருவதற்குள் வயது வரம்பு கடந்துவிடுகிறது. ஜப்பானின் கதை இதற்குச் சான்று. 2008, 2010, 2012, 2014 என நான்கு முறை தொடர்ந்து கால் இறுதியில் தோற்று நான்கு உலகப் போட்டிகளை இழந்தது அது. 2014இல் வடகொரியாவிடம் தோற்றது பெனால்டியில். ஏணி வீரர்களைச் சரியாக அளக்கிறது என்றால் ஜப்பானியக் கால்பந்து அந்த எட்டு ஆண்டுகளில் சரிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2014இல் தோற்ற அந்த அணியில் இருந்த தகுமி மினாமினோ 2022 உலகக் கோப்பையில் ஆடினார்.

இரண்டாம் விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. உலகப் போட்டி எப்போதும் ஒற்றைப்படை ஆண்டில் வருவதால் வயது வரம்பும் ஒற்றைப்படை ஆண்டிலேயே விழுகிறது. 2014 ஆசியப் போட்டியில் 1995 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஆடலாம். 2016இல் அந்த வரம்பு 1997. இடையில் 1996இல் பிறந்தவர்கள் 2014இல் தம்மைவிட ஓராண்டு மூத்தவர்களோடு போட்டியிட்டு இடம்பிடிக்க வேண்டும். 2016இல் அவர்களுக்கு வயது கடந்துவிடுகிறது. தம் அணியில் மூத்தவராக, உடல் முற்றியவராகக் களமிறங்கும் வாய்ப்பு இரட்டைப்படை ஆண்டில் பிறந்த எவருக்கும் வாய்ப்பதில்லை. பதின்பருவத்தின் இறுதியில் ஓராண்டு வளர்ச்சி எவ்வளவு பெரிது என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். ஆண்டுதோறும் போட்டி நடந்த காலத்தில் ஒவ்வொரு பிறப்பாண்டுக்கும் ஒரு முறை வந்தது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை 2025 முதல் ஆண்டுதோறும் நடத்துகிறது ஃபிஃபா. அந்த வயதினருக்கு இக்குறை நீங்குகிறது. 20 வயதுப் பிரிவில் அப்படியே நிற்கிறது.

ஏணியால் உயர்ந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். 1981 உலக இளையோர் போட்டியில் கத்தார், பிரேசிலையும் இங்கிலாந்தையும் வீழ்த்தி இறுதிவரை சென்றது. 2014இல் ஆசியப் போட்டியை நடத்திய மியான்மர் அரையிறுதிக்கு முன்னேறி 2015இல் நியூசிலாந்துக்குச் சென்றது. அங்கு மூன்று ஆட்டங்களிலும் தோற்றாலும், பட்டங்களைக் குவித்த பழைய பர்மாவுக்குக் கிட்டாத உலக மேடை அந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. 2023இல் தாஷ்கெண்டில் கோப்பையை வென்ற உஸ்பெகிஸ்தான், இரண்டே ஆண்டுகளில் தன் மூத்தோர் அணியை முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தது. ஏணியை எடுத்துவிடச் சொல்வது இவற்றையெல்லாம் பறிப்பதாகும். நான் அதைக் கோரவில்லை.

என் கோரிக்கை இறுதி ஆட்டத்தைப் பற்றியது மட்டும். 2006 முதல் 2025 வரை நடந்த 9 இறுதி ஆட்டங்களில் 2006, 2012, 2016, 2025 ஆகிய நான்கு பெனால்டியால் தீர்க்கப்பட்டன. முன்பு 20இல் 9. இப்போது 9இல் 4. விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசியாவின் சிறந்த இரு இளையோர் அணிகள் அன்றுபோலவே இன்றும் சமமாக நிற்கின்றன. அந்தச் சமத்தை ஏற்பதா என்பதில்தான் முடிவு மாறியிருக்கிறது.

தென்கொரியாவும் ஈராக்கும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1978இல் டாக்காவில் இரண்டும் இறுதியில் 1-1 என முடித்துக் கோப்பையைப் பகிர்ந்தன. 2012இல் ராஸ் அல் கைமாவில் அதே இரு நாடுகள், இறுதி ஆட்டம், அதே 1-1. தோல்வியின் விளிம்பில் நின்ற தென்கொரியா ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் போட்டு, பெனால்டியில் 4-1 என வென்றது. அடுத்த ஆண்டு துருக்கியில் நடந்த உலகப் போட்டியின் கால் இறுதியில் இரண்டும் மீண்டும் மோதின. 3-3 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டியில் ஈராக் 5-4 என வென்றது. துருக்கியில் ஒருவர் அரையிறுதிக்குப் போக வேண்டியிருந்தது, ஆகவே பெனால்டிக்குத் தேவை இருந்தது. ராஸ் அல் கைமாவில் அந்தத் தேவை எங்கே இருந்தது? இரு அணிகளும் உலகப் போட்டிக்கான இடத்தைக் கால் இறுதியிலேயே பெற்றுவிட்டன. அந்த இரவில் தீர வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை.

2025இல் சீனாவின் ஷென்சென்னில் ஆஸ்திரேலியாவும் சவூதி அரேபியாவும் இறுதிக்கு வந்தபோதும் நிலை இதுவே. இரண்டுக்கும் உலகப் போட்டிக்காகச் சிலிக்குச் செல்லும் இடம் உறுதியாகிவிட்டது, ஆட்டம் 1-1, பெனால்டியில் 5-4 என ஆஸ்திரேலியா வென்றது. கால் இறுதியிலும் அரையிறுதியிலும் பெனால்டி இருக்கட்டும், அங்கே ஒருவர் முன்னேறியாக வேண்டும். இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பின்னும் சமநிலையில் நின்றால் கோப்பையைப் பகிரலாம் என்று கூட்டமைப்பு தன் போட்டி விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். உலகப் போட்டிக்கான இடங்களோ அட்டவணையோ அதனால் மாறப்போவதில்லை.