ராய்கட்டில் தேடிய செஞ்சி

அரணுக்கென்றே தனியோர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், உயர்ந்த மலை, நிழலடர்ந்த காடு ஆகிய நான்கும் அமைந்ததே அரண் என்று இலக்கணம் கூறிய அப்பெருந்தகை, அதிகாரத்தின் இறுதியில், எத்துணை மாட்சி உடையதாயினும் உள்ளிருப்போர் செயலாற்றலில் சிறந்திலராயின் அவ்வரணால் பயனில்லை என்றும் கூறி முடித்தார். மலையுச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டை எதனைக் கண்டாலும் இக்கருத்தே என் நெஞ்சில் எழுவதுண்டு. கோட்டையின் பெருமை கல்லில் உள்ளதா, அதனைக் காத்து நின்ற மனிதரிடம் உள்ளதா? சென்ற குளிர்காலத்தில் ராய்கட் மலையேறிய அன்று இவ்வினாவுக்கு எனக்கு ஒருவாறு விடை கிடைத்தது. அதனை நம் சங்க மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மகள் கேட்ட வினா

பம்பாய் என்று வழங்கிய காலத்திலேயே இந்நகருக்கு வந்து, மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியேற்றவன் நான். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஏழாம் வகுப்பு பயில்கிறாள். ஒருநாள் மாலை வரலாற்றுப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், “அப்பா, இராஜாராம் மகாராஜா ராய்கட்டை விட்டு ஜிஞ்ஜிக்குப் போனார் என்று போட்டிருக்கிறது. ஜிஞ்ஜி எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். “தெரியவில்லையம்மா, கர்நாடகப் பக்கம் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளில் ஆழ்ந்தேன். இரவு படுத்த பின்னரே மின்னலென உண்மை வெட்டியது. ஜிஞ்ஜி என்று மராட்டியர் வழங்குவது நம் செஞ்சியை அன்றோ!

நான் பிறந்த சிற்றூர் செஞ்சியிலிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது. கார்த்திகைத் தீபத்திற்குத் திருவண்ணாமலை செல்லும் பேருந்தில், சன்னல் வழியே அம்மலைகளைச் சுட்டிக்காட்டி, “அதோ பார், ராஜா தேசிங்கு கோட்டை” என்று என் தந்தையார் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது. தேசிங்கின் கதையைக் கேட்டு வளர்ந்த நான், அதே மலையில் மராட்டிய மன்னர் ஒருவர் எட்டாண்டுகள் அரசிருந்ததை அறியாதிருந்தேன். என் ஊர்க் கோட்டையைப் பற்றி என் மகள் மராட்டியப் பாடநூலில் படித்திருக்க, நானோ கர்நாடகப் பக்கம் என்று கைகாட்டிவிட்டேன். அந்த வெட்கமே என்னை ராய்கட்டுக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

மலையேற்றம்

மும்பையிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் மகாட் என்னும் ஊரை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே சென்றால் சகியாத்திரி மலைகளின் நடுவே ராய்கட் தோன்றும். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 820 மீட்டர் உயரம். அடிவாரத்திலுள்ள பாசாட் சிற்றூரில் சிவாஜியின் அன்னை ஜீஜாபாயின் நினைவிடம் உள்ளது. 1674 ஜூன் 6-ஆம் நாள் மகன் முடிசூடியதைக் கண்குளிரக் கண்ட அவ்வன்னை, இரு வாரங்கள் கழியுமுன்னரே இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எங்களுடன் என் அலுவலகத் தோழர் ஒருவரும் வந்திருந்தார். மராட்டியர், என்னை ‘அண்ணா’ என்றே அழைப்பவர், நல்லவர். எனினும் சில ஆண்டுகளுக்கு முன் தேநீர் வேளையில் வரலாற்றுப் பேச்சு எழுந்தபோது, “அண்ணா, நீங்கள் வந்து போகிறவர்கள். எங்கள் மண்ணின் வரலாறு உங்களுக்கு எதற்கு?” என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். நானும் சிரித்து மழுப்பினேன். ஆயினும் அச்சொல் முள்ளாய் உள்ளே தங்கிவிட்டது. வெளியூர்களில் வாழும் நம்மவருள் இத்தகைய சொல்லைக் கேளாதவர் சிலரே.

1996 முதல் மலைக்கு ரோப்வே எனப்படும் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. என் துணைவியார் அதிலேறிச் சில நிமிடங்களில் மேலே போய்ச் சேர்ந்தார். “படி வழியே ஏறினால்தான் கோட்டை” என்று மகள் அடம்பிடிக்கவே, நாங்கள் மூவரும் 1,700-க்கும் மேற்பட்ட படிகளை ஏறத் தொடங்கினோம். முதல் நூறு படிகளில் பேச்சு இருந்தது; அடுத்த நூறில் மூச்சு மட்டுமே இருந்தது. நாற்காலியில் அமர்ந்து கோப்பு புரட்டிய கால்கள் அன்று என்னோடு ஒத்துழைக்க மறுத்தன. வழியோரக் குடிசைகளில் மண்பானை மோர் விற்கும் கொங்கணப் பெண்கள் அமர்ந்திருந்தனர். அம்மோர் இல்லையேல் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

படிகள் வளைந்து வளைந்து செல்ல, திடீரென்று எதிரே நிமிர்ந்து நிற்கிறது மகாதரவாஜா என்னும் பெருவாயில். அறுபதடிக்கு மேல் உயர்ந்த இரு கொத்தளங்களின் இடுக்கில் அது மறைந்திருப்பதால் அருகில் வரும்வரை வாயில் புலப்படுவதில்லை. களைத்து வரும் பகைவன் வாயிலைக் காணும்போதே மேலுள்ளோரின் அம்புக்கும் துப்பாக்கிக்கும் இலக்காகிவிடுவான். கொளற்கு அரிய அரண் எது என்பதை அவ்விடத்தில் உரையின்றியே உணரலாம்.

இடிபாடுகளின் நடுவே

ராய்ரி என்று பெயர் பெற்றிருந்த இம்மலையை 1656-இல் மோரே குடியினரிடமிருந்து வென்ற சிவாஜி, பின்னர் இதனைத் தம் தலைநகராக்கினார். கட்டடப் பணியை நடத்தியவர் ஹிரோஜி இந்துல்கர். ஜகதீசுவரர் கோயிலின் படியொன்றில் பணிவுடைய ஊழியன் என்னும் கருத்துப்படத் தம் பெயரைப் பொறித்து, வருவோர் காலடியிலேயே அவர் கிடக்கிறார். முடிசூட்டு விழாவுக்கு வந்த ஆங்கிலத் தூதர் ஹென்றி ஆக்சிண்டன் அக்காட்சியைக் குறித்து வைத்துள்ளார். சடங்கை நடத்தியவர் காசியில் வாழ்ந்த காகபட்டர்.

இன்று அங்கே எஞ்சியிருப்பவை மேடைகளே. அரசியர் உறைவிடங்களின் அடித்தளங்கள், கங்காசாகர் ஏரி, அதன் கரைக் கோபுரங்கள், நகாரா முழங்கிய வாயில், எதிரெதிராக நீண்டு கிடக்கும் கடைவீதி. குதிரையில் அமர்ந்தவாறே பண்டம் வாங்கும் வண்ணம் கடைத் திண்ணைகள் உயர்த்திக் கட்டப்பட்டன என்பர். அரியணை இருந்த இடத்தில் மெல்லப் பேசினாலும் தொலைவிலுள்ள நகாரா வாயிலில் கேட்கும் என்றார் தோழர். விடுமுறைக் கூட்டத்தின் இரைச்சலில் அதனைச் சோதித்துப் பார்க்க இயலவில்லை.

மலை விளிம்பில் ஹிரகணிக் கொத்தளம் உள்ளது. கோட்டைக்குப் பால் விற்க வந்த ஹிரகணி என்னும் பெண், மாலையில் வாயில் அடைபட்டுவிட, வீட்டில் தனித்திருந்த பச்சிளங் குழந்தையை நினைத்து, இருளில் செங்குத்துப் பாறை வழியே இறங்கிச் சென்றாளாம். அதனை அறிந்த சிவாஜி அவளைப் பாராட்டி, அவ்விடத்தில் கொத்தளம் எழுப்பி அவள் பெயரையே இட்டார் என்பது மக்கள் வழங்கும் கதை.

மற்றொரு தாய்

அக்கொத்தளத்தில் நின்றபோது என் எண்ணம் வேறொரு தாயிடம் சென்றது. அவள் கதை மரபுக்கதை அன்று, வரலாறு.

சிவாஜி 1680 ஏப்ரலில் இம்மலையிலேயே மறைந்தார். அவருக்குப்பின் ஆண்ட மூத்த மகன் சம்பாஜியை முகலாயர் 1689 பிப்ரவரியில் சிறைபிடித்து, மார்ச்சில் கொடுமையாகக் கொன்றனர். முகலாயப் படைத்தலைவன் இதிகாத் கான் ராய்கட்டை முற்றுகையிட்டான். கோட்டைக்குள் சம்பாஜியின் மனைவி யேசுபாய், அவருடைய ஏழு வயது மகன் சாகு, சம்பாஜியின் தம்பியாகிய பத்தொன்பது வயது இராஜாராம் ஆகியோர் இருந்தனர். அரச குடும்பம் முழுவதும் ஒரே மலையில் அகப்படலாகாது என்று உணர்ந்த யேசுபாய், மைத்துனரை வெளியேறச் செய்து, தாம் மகனோடு கோட்டையிலேயே தங்கத் துணிந்தார். ஏப்ரலில் இராஜாராம் மலையைவிட்டு நழுவினார். நவம்பரில் ராய்கட் வீழ்ந்தது. தாயும் மகனும் சிறைப்பட்டனர். சாகு விடுதலை பெற்றது 1707-இல். யேசுபாய் தாயகம் திரும்பியது 1719-இல். முப்பதாண்டுச் சிறை!

ஹிரகணி மலையிறங்கிக் குழந்தையைக் காத்தாள். யேசுபாய் மலையிறங்காமல் நின்று அரசைக் காத்தார். முன்னவளுக்குக் கொத்தளம் எழுந்தது. பின்னவருக்கு அம்மலையில் அப்படி ஓர் இடத்தை எவரும் எனக்குச் சுட்டிக் காட்டவில்லை.

செஞ்சியில் வாழ்ந்த அரசு

இராஜாராம் பன்ஹாளா சென்று, அங்கிருந்து யாத்திரிகர் கோலத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கெளதி நாட்டு அரசி சென்னம்மா துணை நின்றார். வேலூர் வழியாக அவர் சென்றடைந்த இடமே செஞ்சி. 1677-இல் தென்னாட்டுப் படையெடுப்பின்போது சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை அது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அவ்வரண், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மகனுக்கே புகலிடமாயிற்று.

ராய்கட்டை வென்றமைக்காக இதிகாத் கானுக்கு சுல்பிகர் கான் என்னும் பட்டம் சூட்டிய ஔரங்கசீப், அவனையே செஞ்சியின்மேல் ஏவினார். சில திங்களில் ராய்கட்டை வீழ்த்திய அதே தலைவனுக்குச் செஞ்சியை வீழ்த்த ஏறத்தாழ எட்டாண்டுகள் பிடித்தன. இடையில் சந்தாஜி கோர்படே வந்து தாக்க, முற்றுகையைக் கைவிட்டு அவன் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. 1698-இல் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அங்கில்லை; தப்பி மராட்டிய நாட்டை அடைந்துவிட்டார். மலை வீழ்ந்தது; அரசு வீழவில்லை.

இதனை மகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்க, தோழர் நின்றுவிட்டார். “ஜிஞ்ஜி உங்கள் தமிழ்நாட்டிலா இருக்கிறது? கர்நாடகம் என்றல்லவா நினைத்திருந்தேன்!” என்றார். பழைய மராட்டிய ஏடுகள் அப்பகுதியைக் கர்நாடகம் என்றே வழங்கியதால் நேர்ந்த மயக்கம் அது. பழைய முள்ளைப் பிடுங்கி அவர் மீதே எறியலாம் என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் அதே விடையை என் மகளுக்கு நானும் கூறியவனன்றோ? “நானும் அப்படித்தான் நினைத்தேன்” என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஏதும் பேசவில்லை. அடுத்த குடிசையில் மோர் வாங்கி முதல் குவளையை என்னிடம் நீட்டினார்.

வந்தவரும் இருந்தவரும்

நம் தேசிங்கின் வரலாறும் இத்தொடர்பினின்றே கிளைத்தது. செஞ்சி முகலாயர் வசமான பின்னர் அதன் பொறுப்பைப் பெற்றவர் புந்தேல இராசபுத்திரர் சொரூப் சிங். அவர் மகன் தேஜ் சிங்கே, 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு பொருது இளமையிலேயே மாண்ட தேசிங்கு. வடக்கிலிருந்து வந்த குடும்பத்தின் மகனைத் தமிழ் மக்கள் தம் பிள்ளையாகவே எண்ணிக் கதை கட்டிப் பாடினர். வந்தவர் யார், மண்ணுக்குரியவர் யார் என்று அவர்கள் வம்சாவளி கேட்டிலர். மண்ணுக்காக எவன் நின்றான் என்றே கேட்டனர்.

ராய்கட்டின் எஞ்சிய சீரும் 1818-இல் அழிந்தது. ஆங்கிலேயர் எதிர்மலையிலிருந்து பீரங்கிக் குண்டுகளைப் பொழிய, மரத்தாலான மாளிகைகள் எரிந்து சாம்பலாயின. பின்னர் நெடுங்காலம் சிவாஜியின் சமாதி புதர் மண்டிக் கிடந்தது. 1869-இல் சோதிராவ் புலே அவரைப் பற்றிப் பாட்டியற்றினார். 1895-இல் திலகர் சமாதியைப் புதுப்பிக்க மக்களிடம் நிதி திரட்டினார். மறந்த மக்களே மீண்டும் நினைவுகூர்ந்தனர்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுதியாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. வரலாறு என்றோ பிணைத்த இரு மலைகளையும் உலகம் இன்று ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறது.

கோட்டையின் பெருமை கல்லில் இல்லை என்பதே அன்று நான் பெற்ற விடை. ராய்கட்டின் கல் விழுந்தபின், அதன் அரசு அயல்மொழி வழங்கும் மண்ணில் எட்டாண்டுகள் உயிர் வாழ்ந்தது. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது தெரிந்திருத்தல் வேண்டும். இம்மலைக்கு நாம் அந்நியராக ஏறவேண்டியதில்லை. இதன் கதையின் ஓர் ஏடு நம் ஊரில் கிடக்கிறது. அதுபோல் நம் ஊர்க் கதையின் ஏடொன்று இங்கே கிடக்கிறது.

இறங்கும்போது மகள் கேட்டாள்: “அடுத்த விடுமுறைக்கு ஜிஞ்ஜி போகலாமா அப்பா?” செஞ்சி என்று சொல்லம்மா என்று திருத்த வாயெடுத்தவன், அடக்கிக்கொண்டேன். இரு பெயரும் அம்மலைக்கு உரியனவே. “போகலாம்” என்றேன். தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே படியேற்றத்தின்போது அவருக்கு மோர் வாங்கித் தரவேண்டியது என் கடமை.