சனிக்கிழமை யார் போடுவது, ஞாயிற்றுக்கிழமை யார் போடுவது?



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "உன் தொழிலைப் பத்தி ஏதாவது எழுதேன்" என்றார்கள். பம்பு, வால்வு என்று எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறேன். விளையாட்டு பேஸ்பால், ஊர் டோக்கியோ. ஆனாலும் படித்து முடிக்கும்போது நம் மைதானம் உங்கள் ஞாபகத்துக்கு வராமல் போகாது.

2018-இல் கம்பெனிப் பயிற்சிக்காக ஜப்பான் போயிருந்தேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த அதிகாரி வாசேதா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அறுபதை நெருங்கும் மனிதர், ஆபீசில் அதிர்ந்து பேசமாட்டார். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னை மெய்ஜி ஜிங்கு அரங்கத்துக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். தொண்டை கட்டும் வரை கத்தினார். ஒரு பக்கம் வாசேதா, மறு பக்கம் கேயோ. இரண்டுமே அதே ஊர்க் கல்லூரிகள்தான். இந்த மேட்சுக்கு 'சோகேசென்' என்று பெயர். 'சோ' என்றால் வாசேதா, 'கே' என்றால் கேயோ, 'சென்' என்றால் போர். கேயோக்காரர்கள் மட்டும் தங்கள் பெயரை முன்னால் வைத்து 'கேசோசென்' என்பார்கள். பெயரிலேயே சண்டை!

கேயோவை நிறுவியவர் ஃபுகுசாவா யூகிச்சி, ஆண்டு 1858. வாசேதாவை 1882-இல் நிறுவியவர் ஓகுமா ஷிகெனொபு. பேஸ்பாலில் கேயோ மூத்தது, வாசேதா அணி 1901-இல்தான் தோன்றியது. இந்த இளைய அணி 1903-இல் மூத்த அணிக்கு, 'எங்களோடு ஆடத் தயாரா?' என்று கடிதம் எழுதியது. அந்த ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்தது. கேயோவுக்கு சகுராய் யாயிச்சிரோவும் வாசேதாவுக்கு கோனோ அட்சுஷியும் பந்து எறிந்தார்கள். கேயோ 11-9 என்று ஜெயித்தது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுகிறோம். பேஸ்பாலில் முதலில் இறங்கும் பிட்சர் ஒருவரே பந்துக்குப் பந்து எறிந்துகொண்டே இருப்பார். வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. ஒன்பது இன்னிங்ஸையும் ஒரே ஆள் முடித்தால் நூறு பந்துக்கு மேல் போய்விடும். ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய இரவு எல்லோரும் கேட்கும் கேள்வி, "நாளைக்கு யார் யாருக்கு எதிரா?" என்பதுதான். பாதி ஆட்டம் அதிலேயே முடிவாகிவிடும்.

கோனோவுக்கு 'இரும்புக் கோனோ' என்று பட்டப்பெயர் உண்டு. 1905-இல் பேராசிரியர் அபே இசோ வாசேதா அணியை அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 26 ஆட்டங்களில் 7 வெற்றி, 19 தோல்வி. பெரும்பாலான ஆட்டங்களில் பந்து எறிந்தவர் கோனோ ஒருவரே. அணியில் வேறு ஆள் இல்லை என்பதுதான் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருந்த உண்மை.

1906 இலையுதிர்காலத்தில் மூன்று ஆட்டங்கள் ஏற்பாடாயின. முதலாவதைக் கேயோ ஜெயித்தது. அவர்கள் கூட்டமாக ஓகுமாவின் வீட்டு முன்னால் போய் 'பன்சாய்' கோஷம் போட்டார்கள். இரண்டாவதை வாசேதா ஜெயித்தது. இவர்கள் ஃபுகுசாவா வீட்டு முன்னால் போய் அதையே திருப்பிப் போட்டார்கள். மூன்றாவது ஆட்டம் வைத்தால் ரத்தக்களரி ஆகும் என்று பயந்து ரத்து செய்துவிட்டார்கள். அதோடு 1925 வரை, 19 வருடம் இந்த இரண்டு கல்லூரிகளும் பேஸ்பாலில் மோதவே இல்லை. நம் பஸ் ஸ்டாண்டு சண்டையெல்லாம் இதற்குமுன் எம்மாத்திரம்?

1925-இல் டோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து லீக் அமைத்தன. ஒவ்வொரு ஜோடியும் வார இறுதியில் மோதும். இரண்டு ஆட்டம் ஜெயிப்பவருக்கு ஒரு புள்ளி. பின்னாளில் நிலைத்த வழக்கப்படி முதலாவது சனி, இரண்டாவது ஞாயிறு, ஒன்றுக்கு ஒன்று என்று நின்றால் திங்கள் மூன்றாவது. கோச்சின் தலைவலி இங்கேதான் ஆரம்பம். சிறந்த பிட்சரைச் சனிக்கிழமை இறக்கியாகிவிட்டது. ஞாயிறு இரண்டாமவர் தோற்றுவிட்டால், திங்கட்கிழமை சனிக்கிழமைக்காரனையே மறுபடி கூப்பிடுவதா? அவன் தோள் என்ன நிலையில் இருக்கிறது? அவனைக் கேட்டால், "நான் போடறேன் சார்" என்றுதான் சொல்வான்.

இந்தக் கேள்வியின் உச்சம் 1960 நவம்பர். ஜப்பானில் இதை 'ஆறு ஆட்டத் தொடர்' என்றே சொல்கிறார்கள். கேயோ இரண்டு ஆட்டம் ஜெயித்தால் சாம்பியன். வாசேதாவுக்குத் தொடரை ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. வாசேதாவின் கோச் இஷீ ரென்சோ, வயது 28, தானும் முன்னாள் பிட்சர். கேயோவின் கோச் மாயேடா யூகிச்சி. மாயேடாவிடம் மாற்றி மாற்றி இறக்கப் பல கைகள் இருந்தன. இஷீயிடம் நம்பிக்கையான கை ஒன்றுதான்: ஆண்டோ மோட்டோஹிரோ.

நவம்பர் 6, ஞாயிறு: ஆண்டோ முழு ஆட்டமும் எறிந்தார், வாசேதா 2-1.
நவம்பர் 7: இரண்டாமவரை இறக்கினார்கள், கேயோ 4-1.
நவம்பர் 8: மறுபடி ஆண்டோ, வாசேதா 3-0.

தொடர் வாசேதாவுக்கு. ஆனால் மொத்தக் கணக்கில் இரு அணியும் 9 வெற்றி, 4 தோல்வி என்று சமமாக நின்றன. ஆகவே பட்டத்துக்குத் தனி ஆட்டம். மறுநாளே, நவம்பர் 9. மூன்றாவது நாள் ஓய்வுகூட இல்லாமல் ஆண்டோ இறங்கினார். 11 இன்னிங்ஸ், 1-1, இருட்டிவிட்டது. ஒரு நாள் இடைவெளி. நவம்பர் 11 மறுபடி ஆண்டோ, மறுபடி 11 இன்னிங்ஸ், 0-0, மறுபடி இருட்டு. நவம்பர் 12, சனிக்கிழமை. யார் பிட்சர் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டோதான். வாசேதா 3-1. பட்டம் வாசேதாவுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாளில் ஐந்து முழு ஆட்டங்கள், 49 இன்னிங்ஸ், 564 பந்துகள். கிரிக்கெட் கணக்கில் 94 ஓவர், ஒரே தோள்.

ஆண்டோ பிறகு தோயெய் ஃப்ளையர்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்தார். அங்கே முதல் வருடம் நன்றாகவே எறிந்தார். ஆனால் நான்கு வருடத்தில் அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்த ஒரு வாரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் எஞ்சினியர் என்ற முறையில் ஒன்று தெரியும். ஒரு இரும்புத் தண்டு ஒரு முறை தாங்கும் பாரத்தை ஆயிரம் முறை தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே விரிசல் ஓடுவது வெளியே தெரியாது. உடையும் நாளில்தான் தெரியும்.

சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2010 நவம்பர் 3-ஆம் தேதி, இதே இரண்டு அணிகளும் மறுபடி பட்டத்துக்காகத் தனி ஆட்டம் ஆடின. வார இறுதித் தொடரில் கேயோ இரண்டையும் ஜெயித்து வாசேதாவைப் பிடித்துவிட்டது. வாசேதா இறக்கியது கேப்டன் சைட்டோ யுகியை. பள்ளி மாணவனாக 2006 கோஷியன் போட்டியில் 948 பந்துகள் எறிந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஏழு இன்னிங்ஸ் வரை கேயோவால் அவரை ஒரு 'ஹிட்' கூட அடிக்க முடியவில்லை. எட்டாவதில் அடி விழ ஆரம்பித்ததும், 1960-இல் நடக்காத ஒன்று நடந்தது. ஓய்ஷி தட்சுயா உள்ளே வந்தார், சைட்டோ வெளியே போனார். வாசேதா 10-5. அந்த ஆண்டு வாசேதாவின் மூன்று பிட்சர்களைத் தொழில்முறை அணிகள் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன. ஆனால் சைட்டோவின் தோளும் பிறகு அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 15 வெற்றி, 26 தோல்வியோடு 2021-இல் ஓய்வு பெற்றார். ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் ஒரு பிட்சர் வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற விதி 2020-இல் வந்தது. ஆண்டோவின் கணக்கு 564 என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜிங்கு அரங்கத்தில் அந்த அதிகாரி 1960 கதையைச் சொன்னபோது மற்றவர்களுக்கு அது வீரக்கதை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் கேப்டனாக இருந்த கடைசி வருடம், ஆற்றுக்கு அந்தப் பக்கக் கல்லூரியோடு வருடாந்திர இரண்டு நாள் மேட்ச். என் செட்காரர்களுக்கு 'நெட்டை'யைத் தெரியும். சனிக்கிழமை மேட்டிங்கில் 19 ஓவர் போட்டான். ராத்திரி மெஸ்ஸில் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பந்தை அவனிடமே நீட்டினேன். "குடுறா மாப்ள, நான் போடறேன்" என்றான். 22 ஓவர். ஜெயிச்சோம். தோளில் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வரை போனோம். அந்த வருட மலரில் போட்டோ கூட இருக்கிறது.

இன்றைக்கு அவன் மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க இடது கையைத்தான் நீட்டுகிறான். அவன் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நான்தானடா கேட்டு வாங்கினேன்" என்பான். அது உண்மைதான். ஆனால் கொடுத்தது நான். அணியில் இன்னும் இரண்டு பேர் பந்து போடுவார்கள், அவர்களை நான் நம்பவில்லை. கேப்டன் என்று ஒருவனை வைத்திருப்பதே, கேட்பவனுக்கும் சில நேரம் 'இல்லை' என்று சொல்லத்தான்.

இஷீ ரென்சோவும் மாயேடா யூகிச்சியும் 2020-இல் ஒரே ஆண்டில் ஜப்பான் பேஸ்பால் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்கள். இருவருமே அப்போது உயிரோடு இல்லை. போட்டியாளர்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து மரியாதை செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆறு ஆட்டங்களை ஒரு கோச் மட்டும் உருவாக்கியிருக்க முடியாது அல்லவா?

இன்றைய அணியின் தம்பிகளே, ஆற்றுக்கு அந்தப் பக்கத்தாரை அவசியம் ஜெயியுங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் யார் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் போடுங்கள்.

நெட்டை இந்தச் சந்திப்புக்கு வருகிறான். முன்னாள் மாணவர் மேட்சில் தன் பெயரையும் கொடுத்திருக்கிறான் என்று கேள்வி. இந்த முறை கேப்டன் யாராக இருந்தாலும் சரி, அவனை ஸ்லிப்பில் நிறுத்துங்கள். பந்து கேட்டு வருவான். கொடுக்காதீர்கள்.