சத்துணவு ஆயா எந்தத் துறை?

சத்துணவுக் கூடத்தில் அடுப்பருகே நிற்கும் பெண் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமப் பள்ளிக்கும் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சமைக்கும் இடம் பள்ளி வளாகம், அது கல்வித் துறையுடையது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தருவது உணவுத் துறையின் கீழ் வரும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். மையத்தைக் கண்காணிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஊரக வளர்ச்சித் துறைக்காரர். திட்டம் சமூக நலத் துறையின் திட்டம். தில்லியிலிருந்து வரும் பங்குப் பணமோ ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் கணக்கில் வருகிறது. ஒரு தட்டுச் சோற்றுக்குள் இத்தனை துறைகள் இருக்கின்றன, தொழிலாளர் துறை மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசு என்பது ஒரே ஆள் மாதிரி நமக்குத் தோன்றுகிறது. "கவர்மென்ட் பாத்துக்கும்" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில் எந்த வேலையும் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் பணிகளை அமைச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் விதிகள் 1961இல் வந்தன. மாநிலங்களுக்கு 166ஆவது பிரிவு உண்டு. படிக்க மிகவும் வறட்சியான ஆவணங்கள்தான். என்றாலும் ஒரு பெண்ணின் உழைப்பை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதை முடிவு செய்பவை இவைதான். 'தொழிலாளர்' என்ற தலைப்பின் கீழ் வந்தால் குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், பணிக்கொடை எல்லாம் பின்னாலேயே வரும். 'நலம்' என்ற தலைப்பின் கீழ் வந்தால் நன்றியுணர்ச்சிதான் எதிர்பார்க்கப்படும்.

இந்தப் பிரிவினை விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. கவர்னர் ஜெனரலின் நிர்வாகக் குழுவில் ஆளுக்கொரு துறை என்ற முறையைக் கானிங் பிரபு கொண்டுவந்தார், 1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. நம் கதைக்கு அதைவிட முக்கியமானது 1919ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்த இரட்டை ஆட்சி. மாகாணத் துறைகள் இரண்டு கூடையில் போடப்பட்டன. போலீஸ், நீதி, நிலவருவாய் ஆகியவை 'ஒதுக்கப்பட்டவை' என்று கவர்னரிடமே இருந்தன. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை 'மாற்றப்பட்டவை' என்று இந்திய அமைச்சர்களிடம் தரப்பட்டன. அதிகாரமும் வசூலும் வெள்ளைக்காரன் கையில், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் நம்மவர் கையில். வீட்டில் வேலை பிரித்துக்கொள்ளும் லட்சணத்தை அறிந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

அந்த இரண்டாவது கூடைதான் பிறகு பெண் அமைச்சர்களிடம் வந்து சேர்ந்தது. 1946இல் சென்னை மாகாண அமைச்சரவையில் ருக்மிணி லட்சுமிபதிக்குச் சுகாதாரம். 1947இல் நேருவின் அமைச்சரவையிலிருந்த ஒரே பெண்ணான ராஜகுமாரி அம்ரித் கௌருக்கும் சுகாதாரம். 1953இல் ராஜாஜி அமைச்சரவையில் ஜோதி வெங்கடாசலத்துக்கு மதுவிலக்கும் மகளிர் நலமும். நம் கொங்குப் பகுதியின் சுப்புலட்சுமி ஜெகதீசன் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கைத்தறித் துறையைப் பார்த்தவர், 1989இல் தி.மு.க. ஆட்சியில் அவருக்குச் சமூக நலம். 2021இல் கீதா ஜீவனுக்குச் சமூக நலம், உடுமலைக்குப் பக்கத்திலுள்ள தாராபுரத்தின் கயல்விழி செல்வராஜுக்கு ஆதிதிராவிடர் நலம். விதிவிலக்குகளும் உண்டு. காமராசர் அமைச்சரவையில் லூர்தம்மாள் சைமன் உள்ளாட்சித் துறையைப் பார்த்தார். ஜெயலலிதா முதலமைச்சராகக் காவல் துறையைத் தன்னிடமே வைத்திருந்தார். 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் பிறந்தது அந்த ஆட்சியில்தான். அந்த நிலையம் உள்துறையிலிருந்து வந்தது, நலத் துறையிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் துறை சாவியை வைத்திருக்கிறது என்று தெரிந்த ஒருவர் செய்த காரியம் அது.

ஒன்றிய அரசில் பெண்கள் ஒரு துறையாவதற்கே வெகுகாலம் பிடித்தது. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தருவது அதன் முக்கிய வேலை. அரசின் காசு, பெண்களின் தொண்டு என்ற கூட்டு அங்கேயே வேர்விட்டது. 1971இல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் பூல்ரேணு குஹா, உறுப்பினர் செயலாளர் வீணா மஜும்தார். 1974இன் இறுதியில் அவர்கள் அறிக்கையை முடித்தபோது நாட்டுக்கே அதிர்ச்சி. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971இல் அது 930 ஆகியிருந்தது. வேலைகளிலிருந்தும் பெண்கள் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அந்த அறிக்கை காட்டியது. பெண்கள் உழைப்பவர்கள், அந்த உழைப்பு கரைந்துகொண்டிருக்கிறது என்பது அதன் மையமான செய்திகளில் ஒன்று.

அடுத்த ஆண்டே, 1975 அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. நாம் அங்கன்வாடி என்று அழைப்பது அதைத்தான். பெண்களுக்கு வேலை இல்லை என்று சொன்ன அறிக்கையின் மை காய்வதற்குள் லட்சக்கணக்கான பெண்களை வேலைக்கு எடுக்கப்போகும் திட்டம் வந்தது. ஆனால் அந்த வேலையை வேலை என்று எழுதவில்லை, 'கௌரவப் பணி' என்று எழுதினார்கள். 1985இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குள் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை தனியாக வந்தது, 2006 ஜனவரியில் அது தனி அமைச்சகமே ஆனது. பலகை மாறியது. அங்கன்வாடிப் பணியாளரின் தாளில் 'கௌரவம்' மாறவில்லை.

மதிப்பூதியம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மதிப்பும் இருக்கிறது, ஊதியமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சட்டப்படி ஊதியம் கிடையாது என்று பொருள். இந்தத் திறமையான சொல்லை உண்டாக்கியவருக்கு ஒரு கும்பிடு. 2018இல் உயர்த்திய பிறகு அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு வகுத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. பள்ளி மதிய உணவு சமைப்பவருக்கு 2009இல் வகுத்தது மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு. மே மாதத்தில் சமைப்பவருக்குப் பசிக்காது போலிருக்கிறது. மாநிலங்கள் தம் கையிலிருந்து கூடுதலாகத் தருகின்றன. தமிழ்நாட்டில் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்ற ஒன்று உண்டு. 'சிறப்பு' என்ற அடைமொழி இங்கே குறைவு என்பதைக் குறிக்கிறது. சிறப்பு இல்லாத வெறும் காலமுறை ஊதியத்தைத்தான் சங்கங்கள் ஆண்டாண்டாகக் கேட்டுச் சாலையில் உட்காருகின்றன.

தமிழ்நாட்டை இந்த வரலாற்றில் தனியாகச் சொல்ல வேண்டும். நீதிக்கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களை வேலைக்கு எடுத்தது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை தந்தது.

என் சின்னம்மா அப்படிப் போனவர்தான். இருபத்து மூன்று வயதில் தாலி அறுத்து, கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடந்தவர். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் விடியற்காலையில் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அந்தப் பெண் சமைத்த சோற்றை ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்து தின்றார்கள். இது சாதாரண மாற்றம் கிடையாது. இதை மறைத்துவிட்டு அரசை மட்டும் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்த முன்னுரிமையிலேயே பொறி இருந்தது. விதவைக்கு வாழ்வு கொடுத்தோம் என்று அரசு சொல்லத் தொடங்கியது. வாழ்வு பெற்றவர் எப்படிச் சம்பளம் கேட்பார்? கொடுத்தவரிடம் பேரம் பேசுவது அழகா?

சின்னம்மா ஓய்வு பெறும்போது ஏதோ ஒரு தொகை பாக்கி என்று தெரிந்து ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்கம்மா" என்றார்கள். இன்னோர் அலுவலகத்திலும் அதே பதில். பஸ்ஸில் திரும்பும்போது சின்னம்மா சொன்னார், "சோத்துல உப்புக் கொறஞ்சா அஞ்சு ஆபீசரு வந்து கேக்கறாங்க அம்மிணி. சம்பளங் கொறஞ்சா ஒருத்தரையுங் காணம்." 2009 பிப்ரவரியில் கோவை மாவட்டத்திலிருந்து உடுமலையைப் பிரித்துப் புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்த்தபோது அவருக்கு மாறியதெல்லாம் பஸ்தான். கோயமுத்தூர் பஸ்ஸுக்குப் பதில் திருப்பூர் பஸ்.

துறைகளின் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. சமூக நலம் மற்றும் சத்துணவுத் திட்டத் துறை 2021இல் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை ஆனது. 'நலம்' என்பதற்குப் பக்கத்தில் 'உரிமை' வந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. ஆனால் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை நடத்துவது அந்தத் துறை இல்லை, சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை. சுய உதவிக் குழுக்களைப் பார்க்கும் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் பிறந்து, சமூக நலத்தில் வளர்ந்து, பிறகு ஊரக வளர்ச்சிக்குப் போனது. அந்தக் குழுப் பெண்கள்தான் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறார்கள். ஆகவே ஒரே பள்ளியில் காலை உப்புமா கிண்டும் பெண்ணும் மதியம் சாம்பார் வைக்கும் பெண்ணும் ஒரே வகைப் பணியாளர்கள் இல்லை.

இதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. 2006இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்றது. 2013இல் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் கூட்டும் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 45ஆவது அமர்வு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த மேடை அது. தொழிலாளர் அமைச்சகத்தின் மேடையில் தொழிலாளி, பெண்கள் அமைச்சகத்தின் கோப்பில் கௌரவப் பணியாளர்! பெண்களுக்கென்று அமைந்த அமைச்சகம்தான் அவர்களை உழைப்பாளிகள் என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் அமைச்சகமாக நிற்கிறது. தனி அமைச்சகம் வேண்டும் என்று நாம் கேட்டுப் பெற்றதன் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கு வந்தது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கன்வாடி சட்டப்படியான கடமையைச் செய்யும் நிறுவனம், அதில் வேலை பார்ப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும், மதிப்பூதியமும் அந்தச் சட்டத்தின்படி ஊதியமே என்றது உச்ச நீதிமன்றம். திட்டம் தொடங்கி 47 ஆண்டுகள் கழித்து ஒரு தொழிலாளர் சட்டம் அங்கன்வாடியின் கதவைத் தட்டியது.

இதெல்லாம் அரசுச் சம்பளம் வாங்கும் பெண்களின் பாடு, மில்லுக்குப் போகும் பெண்ணுக்கு இந்தக் குழப்பம் இல்லை என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். மில் வேலைதான் சந்தேகமில்லாமல் 'தொழில்' ஆயிற்றே. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண்கள் வந்து மூன்றாண்டு தங்கி, முடிவில் ஒரு மொத்தத் தொகை வாங்கிப்போகும் 'சுமங்கலித் திட்டம்' ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெயரே சொல்கிறது, அது கூலி என்று கொடுக்கப்படவில்லை, கல்யாணச் செலவு என்று கொடுக்கப்பட்டது.

அப்படி ஓர் ஆலைக்குள் நின்று துறைகளை எண்ணுங்கள். அங்கே ஓடும் புதிய இயந்திரத்துக்கு 1999இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியின் வழியே உதவியது ஒன்றிய ஜவுளி அமைச்சகம். இயந்திரத்தின் முன் நிற்கும்வரை அந்தப் பெண் தொழிலாளர் நலத் துறையின் பொறுப்பு, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளர் வரலாம். ஷிப்ட் முடிந்து முற்றத்தைக் கடந்து விடுதிக்குள் நுழைந்ததும் அவள் வேறு துறை. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சமூக நலத் துறையுடையது, உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். நடுவில் இருப்பது ஐம்பது அடி முற்றம். அந்த ஐம்பது அடியில் தொழிலாளி 'பாதுகாக்கப்பட வேண்டிய பெண்' ஆகிவிடுகிறாள். விடுதிக் கதவைப் பூட்டினால் அது பாதுகாப்பு. அதே கதவை ஆலையில் பூட்டினால் குற்றம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் குறைகிறது என்று விடுதியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனால், அந்தப் புகாரை எழுதும் மேசை எது என்று அந்தப் பெண் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும், வெளியே போக வார்டனின் கையெழுத்து வேண்டும், திருப்பூருக்குப் பஸ் காசு வேண்டும்.