காங்கேசன்துறைக் கடைத்தெரு: ஒரு துறைமுகப் பட்டினத்தின் வளர்ச்சியும் மீட்சியும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையையும் கோயிலையும் அரண்மனையையுமே முதற்கண் நாடுவர். அங்காடியை நாடுவோர் மிகச் சிலர். பண்டைப் புலவர் அங்காடியை மறந்தாரல்லர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகர் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாய் அமைந்தது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் மரநிழலில் நாளங்காடி கூடிற்று. கடலை அடுத்து வாழ்ந்தோரையும் உள்ளூரில் வாழ்ந்தோரையும் பிணைத்தது அவ்வங்காடியே. கப்பல் வந்து போவதனால் மட்டும் ஒரு துறை பட்டினமாகி விடாது. வந்த பொருளும் வந்த மாந்தரும் சிறிது நேரமேனும் தங்கிச் செல்லும் கடைத்தெரு அங்கு இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை உணர்த்தும் வரலாறு ஈழத்தின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையின் வரலாறாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிக் கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் ஆகிய ஊர்களூடாகச் செல்லும் வீதி, ஏறத்தாழ 18 கிலோமீற்றர் கடந்து கடலைத் தொடும் இடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. மேற்கே கீரிமலையும் கிழக்கே மயிலிட்டியும் இதன் அயலூர்கள். இக்கரை தொன்மை வாய்ந்தது. மகாவம்சம் குறிப்பிடும் ஜம்புகோளப் பட்டினம், மாதகலை அடுத்த சம்பில்துறையே என்பர். கயாத்துறை என முன்னர் வழங்கிய துறையே பின்னர் காங்கேசன்துறை ஆயிற்று என்பது மரபு. குதிரைமுகத்தோடு துன்புற்ற சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், அவள் மாவிட்டபுரத்தில் எடுப்பித்த கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் இத்துறையில் வந்திறங்கியது என்றும் கூறுவர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் அவ்விளவரசியின் கதை இடம்பெற்றுள்ளது. இக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், ஊரின் பெயரே ஓர் இறக்குமதியின் நினைவாய் நிற்பது கருதத்தக்கது. கடல் வழியே வந்த ஒன்றை உள்நாட்டுக் கோயிலொன்றுக்கு ஒப்புவித்த இடம் என்றே மக்கள் இவ்வூரை நினைவிற் கொண்டனர்.

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் துறைகள் தென்னிந்தியக் கரையோடு நெருங்கிய வாணிகம் நடத்தின. நெல்லும் அரிசியும் துணியும் அங்கிருந்து வந்தன. புகையிலையும் பனம்பொருள்களும் இங்கிருந்து சென்றன. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்பவற்றோடு காங்கேசன்துறையும் அவ்வாணிகத்திற் பங்கு கொண்டது. 1893 ஆம் ஆண்டு இங்கு வெளிச்சவீடு எழுப்பப்பட்டது. எனினும், ஊரைப் பட்டினமாக உயர்த்தியது புகையிரதமே எனலாம். வடபகுதிப் பாதையின் முதற் கூறு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திறக்கப்பட்டது. தென்னிலங்கைப் பாதைகளோடு அது இணைந்தது 1905 ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் அது தனித்து நின்ற பாதை. பாதையின் தொடக்கமாயிருந்த ஊர், இணைப்பு ஏற்பட்டபின் கொழும்பிலிருந்து வரும் வண்டிகள் சென்றடையும் முடிவிடமாயிற்று. 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவியும் இவ்வூரையே எல்லையாகக் கொண்டது.

இடைவழி நிலையத்திற்கும் முடிவிட நிலையத்திற்கும் வேறுபாடு பெரிது. இடைவழியில் வண்டி சில நிமிடமே நிற்கும். முடிவிடத்திலோ வண்டியும் தங்கும், வண்டியோட்டியும் தங்குவான், அடுத்த நாட் பயணியும் தங்குவான். அவர்களுக்கு உணவும் உறையுளும் வேண்டும். வந்த மூட்டைகளை ஏற்றிச் செல்ல மாட்டுவண்டி வேண்டும். பின்னர் வாடகைக் கார் வேண்டும். இத்தேவைகளிலிருந்தே புகையிரத நிலையத்தை அண்டிய கடைகள் வளரும்.

இவ்வளர்ச்சிக்கு இரண்டாவது தூண்டுதல் 1950 ஆம் ஆண்டு கிடைத்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த அக்காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணக்கல் அருகிலேயே அகழப்பட்டது. களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து வந்தது. புகையிரதமும் துறைமுகமும் ஒருங்கே வாய்த்தமையால் சீமெந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றது. மாதந்தோறும் தவறாத சம்பளம் பெறும் தொழிலாளர் பலர் ஓர் ஊரிற் கூடினால் அவ்வூர்க் கடைத்தெருவின் தன்மையே மாறும். மழையையும் விளைச்சலையும் நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரர், சம்பள நாளை நம்பிக் கடன் கொடுக்கத் தொடங்குவர். பலசரக்குக் கடை, தேநீர்க்கடை, சாப்பாட்டுக் கடை, தையற்கடை, சைக்கிள் திருத்துமிடம், சிகையலங்கார நிலையம் என்பன ஒன்றையொன்று சார்ந்து நிலைக்கும்.

மூன்றாவது வருவாய் சமயத்தின்பாற்பட்டது. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்கு வருவோர் பல்லாயிரவர். மாவிட்டபுரக் கந்தன் திருவிழாவுக்கும் நகுலேசுவரத்துக்கும் வருவோரும் பலர். ஆகவே பயணி, தொழிலாளி, யாத்திரிகர் என்னும் முத்திறத்தாரே காங்கேசன்துறைக் கடைத்தெருவைத் தாங்கிய தூண்கள் எனலாம். சா. ஜே. வே. செல்வநாயகம் பலமுறை வென்று, இறுதியாக 1975 ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலும் வென்ற தொகுதி என்ற வகையில் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது.

பழமையைப் போற்றுங்கால் அதன் குறைகளை மறைத்தல் வரலாற்றறிவுக்கு ஒவ்வாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏனையோரோடு சமமாக அமர்ந்து பருக இயலவில்லை. 1957 ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னும் நிலை உடனே மாறவில்லை. 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இதே காங்கேசன்துறை வீதியைச் சார்ந்த நிகழ்ச்சிகளே. கடைத்தெருவின் கதவு எல்லார்க்கும் திறந்தமை அப்போராட்டங்களின் பயன். ஆதலின், பழைய கடைத்தெருவை மீட்டல் என்பது பழைய வழக்கங்கள் அனைத்தையும் மீட்டலாகாது. கட்டடத்தின் முகப்பு பழையதாயிருக்கலாம். அதனுள் இடப்படும் இருக்கை எல்லார்க்கும் பொதுவானதாய் இருத்தல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டு போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். புகையிரதம் நின்றது, ஆலையின் உற்பத்தியும் நின்றது. பலாலியையும் காங்கேசன்துறையையும் உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகம் போர்க்காலத்திலும் இயங்கிற்று. படையினருக்கும் பொருள்களுக்கும் அது வாயிலாயிருந்தது. துறை இருந்தும் பட்டினம் இல்லாதொழிந்த காலம் அது. கடைகளின் கூரைகள் வீழ்ந்தன. பனங்கைகளும் ஓடுகளும் கதவுகளும் மறைந்தன. சுண்ணக்கற் சுவர்களை ஆலம்வேர்கள் பிளந்தன. ஒரு தலைமுறை முழுவதும் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் புலம்பெயர் நாடுகளிலும் வளர்ந்தது. கடைக்காரரின் மகன் தந்தையின் கடையைக் காணாமலே நடுவயதை எய்தினான்.

மீட்சி படிப்படியாக வந்தது. போர் முடிந்தபின் இந்திய உதவியோடு துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கலங்கள் அகற்றப்பட்டன. 2015 ஆம் ஆண்டு சனவரி மாதம் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை வந்தடைந்தது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டு காங்கேசன்துறை நடேசுவராக் கல்லூரியில் நிகழ்ந்த விழாவில் ஏறத்தாழ 700 ஏக்கர் கையளிக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு மயிலிட்டித் துறை மீனவர்க்கு மீண்டது. 2019 ஆம் ஆண்டு பலாலியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கப்பற் சேவை 1980களிலேயே நின்றுவிட்டிருந்தது. இடையிடையே தடைப்பட்டபோதும் 2024 ஆம் ஆண்டு அச்சேவை மீளத் தொடங்கப்பட்டது. எனினும், விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உள.

இங்கு எழும் வினா யாதெனில், கப்பலும் புகையிரதமும் விமானமும் வந்தபின் பட்டினமும் தானாக வந்துவிடுமா என்பதே. 1902 ஆம் ஆண்டில் பயணி மாட்டுவண்டிக்காகக் காத்திருந்தான். காத்திருந்த வேளையில் கடையை நாடினான். இன்றைய பயணியோ துறைமுக வாயிலிலேயே ஊர்தியில் ஏறி அரைமணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை அடையலாம். பெருந்திட்டங்கள் ஊரின் ஊடாகப் பாய்ந்து செல்லும் வெள்ளம் போன்றவை. அணை கட்டித் தேக்காவிடின் அந்நீரால் அவ்வூர் வயல் விளையாது. அவ்வணையே கடைத்தெரு.

பிற நாடுகளின் அனுபவம் இதற்கு ஒளி தரும். ஐக்கிய அமெரிக்காவில் பெருஞ்சாலைகளும் புறநகர் அங்காடிகளும் பெருகியதனாற் சிறு நகர்களின் நடுத்தெருக்கள் வெறிச்சோடின. அங்குள்ள தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு நிறுவனம் 1977 ஆம் ஆண்டு மூன்று சிறு நகர்களைத் தெரிந்து சோதனைத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. பழங்கட்டடங்களைச் செப்பனிடல், கடைக்காரரை ஒன்றுசேர்த்தல், விழாக்களால் மக்களை வரவழைத்தல், புதிய தொழில்களுக்கு இடமளித்தல் என நான்கு வழிகளும் ஒருங்கே கைக்கொள்ளப்பட்டன. கட்டடத்தை மட்டும் புதுக்கி வணிகரைக் கைவிட்டாற் பயனில்லை என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. புதுச்சேரியில் வைசியாள் வீதியில் தமிழர் இல்லங்களின் திண்ணையும் தாழ்வாரமும் செப்பனிடப்பட்டன. அம்முயற்சி 2008 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது.

எச்சரிக்கையாய் அமைவது பினாங்கின் வரலாறு. தமிழ் வணிகரின் பெயர் சொல்லும் சூலியா வீதி உள்ள ஜோர்ஜ் டவுன் 2008 ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயின், அதற்கு முன்னரே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு தொடக்கம் வாடகை உயர்ந்தமையாற் பழைய குடிகளும் கைவினைஞரும் சிறுவணிகரும் பலராக நகரின் நடுப்பகுதியை விட்டகன்றனர். முகப்புகள் எஞ்சின, முகப்புக்குள் வாழ்ந்தோர் எஞ்சவில்லை. மரபுரிமை என்னும் பெயரால் மரபினரையே வெளியேற்றும் நிலை காங்கேசன்துறைக்கு நேரலாகாது.

இவ்வனுபவங்களை நோக்குமிடத்துச் செய்யத்தக்கன சில தெளிவாகும். முதலாவது, பழைய கடைகளின் உரிமையைத் தீர்த்தல். உறுதிகள் தொலைந்தும் எல்லைக்கற்கள் அழிந்தும் உரிமையாளர் பல நாடுகளிற் சிதறியும் உள்ள நிலையில், உரிமை துலங்காத நிலத்திற் கடன் பெறவும் இயலாது, கட்டடம் எழுப்பவும் இயலாது. இரண்டாவது, வெளிச்சவீடு, புகையிரத நிலையம், எஞ்சிய சுண்ணக்கற் கடைகள், ஆலையின் பழைய பகுதிகள் ஆகியவற்றை அளந்து படமெடுத்துப் பதிவு செய்தல். இடித்தபின் எழுதப்படும் வரலாறு நினைவை மட்டுமே நம்பவேண்டியதாகும். மூன்றாவது, துறைமுகத்திற்கும் நிலையத்திற்கும் இடையே பயணி நடந்து செல்லத்தக்க நிழல்வழி அமைத்து, அவ்வழியிற் கடை நடத்தும் முதலுரிமையை மீளக் குடியேறிய குடும்பங்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் பனைத்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அளித்தல். பனங்கட்டி, ஒடியல், பனையோலைப் பெட்டி, கருவாடு, நல்லெண்ணெய் என இக்கரைக்குரிய பொருள்கள் விற்பனையாகும் இடம் பயணியையும் நிறுத்தும், உழவரையும் வாழ்விக்கும்.

சீமெந்து ஆலையைப் பற்றியும் தெளிவு வேண்டும். அஃது அளித்த வாழ்வு பெரிது; அஃது அகழ்ந்த பள்ளங்களும் பெரியன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழைநீரைத் தன்னுள் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டுவது நிலத்தடிச் சுண்ணக்கற் படையே. கடலோரத்தில் அதனை ஆழ அகழ்ந்தால் உப்புநீர் உட்புகும். ஆலையை முன்போல் மீள இயக்குவதால் வரும் சம்பளமும் கிணறு உவர்ப்பதால் வரும் நட்டமும் ஒரே கணக்கில் வைத்து எண்ணப்படல் வேண்டும். ஆலையின் எஞ்சிய கட்டடங்களிற் சிலவற்றைத் தொழில் அருங்காட்சியகமாகவும் பயிற்சிக் கூடமாகவும் ஆக்கினால், தொழிலாளரின் நினைவும் நிலைக்கும், இளைஞர்க்குக் கைத்தொழிலும் வாய்க்கும்.

இப்பணி அரசினரால் மட்டும் முடிவதன்று. உள்ளூராட்சிச் சபையும் வணிகர் சங்கமும் கோயிற் பரிபாலகரும் பாடசாலைகளும் புலம்பெயர்ந்த ஊரவரும் ஒருங்கு கூடல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர் விடுமுறைக் காலத்தில் முதியோரை அணுகி, எக்கடை எங்கிருந்தது, எவர் நடத்தினர், யாது விற்றனர் என்பனவற்றைக் கேட்டு வரைபடம் வரையலாம். 1990 ஆம் ஆண்டில் இருபது வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அப்போது கடை நடத்தியோர் பலர் மறைந்துவிட்டனர். கற்சுவர் இன்னும் சில ஆண்டுகள் நிற்கும். நினைவு அவ்வளவு காலம் நில்லாது. பண்டொருகால் காங்கேயனை இறக்கி மாவிட்டபுரத்திற்கு வழியனுப்பிய துறை, இன்று தன் மக்களையே மீள வரவேற்றுத் தன் தெருவில் அமர்த்துதல் வேண்டும். அதன் பின்னரே அதனைப் பட்டினம் என அழைத்தல் பொருந்தும்.